ஹட்டன் பேக்கரியில் கியோஸ்க் சுற்றிக்கொண்டே நிற்பது பற்றி

வணக்கம் சகோ. மழை நாளில் உங்கள் பேக்கரி ஓடர் கியோஸ்க் (வாடிக்கையாளரே திரையைத் தொட்டு ஓடர் கொடுக்கும் இயந்திரம்) படத்தைக்கூடக் காட்டாமல், திரையில் லோடிங் வட்டம் மட்டும் சுற்றுகிறது, 5ஜி வந்தால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மழையோ பனிமூட்டமோ 4ஜியைப் பெரிதாகப் பாதிக்காது. டவருக்கும் கடைக்கும் நடுவே மலை நின்றால்தான் சிக்கல். 5ஜியின் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மலை இன்னும் பெரிய தடை. ஃபைபர் கிடைத்தால் எடுங்கள், இல்லாவிட்டால் கூரையில் வெளி அன்டெனா.

முக்கியமானது, கியோஸ்க்குக்குள்ளேயே ஒரு சின்னக் கணினி. மெனு, விலை, படம், தமிழ் சிங்களத் திரை எல்லாம் அதில் இருந்தால், ரோல்ஸ் படத்தைத் தொட்டதும் திறக்கும்; ஓடரும் கடை வைஃபையிலேயே கிச்சன் பிரிண்டருக்குப் போய்விடும். கார்டுக்கும் லங்கா கியூஆருக்கும் (போனில் ஸ்கேன் செய்து காசு கட்டும் முறை) மட்டும்தான் நெட் வேண்டும். அதற்கு மெதுவான இணைப்பே போதும்.

மென்பொருள்காரரிடம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: ஒவ்வொரு கட்டணமும் தனி எண்ணோடு போகிறதா, கட்டணத்தை வாங்கும் மறுமுனை அந்த எண் ஏற்கெனவே வந்ததா என்று சரிபார்க்கிறதா? அப்படியென்றால் நெட் அறுந்து திரும்ப அனுப்பினாலும் காசு இரண்டு முறை பிடிபடாது. உங்கள் வாடிக்கையாளர்கள் தேயிலைக் கொழுந்து பறித்துச் சம்பாதித்த காசு அது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், யூபிஎஸ் போடும்போது ரௌட்டரையும் அதிலேயே கொடுங்கள்.