படமும் வீடியோவும் சுருக்கும்போது பிட் செலவைக் கணிப்பது எப்படி?

கேள்வி: சுருக்கி முடித்த பிறகு கோப்பின் அளவைப் பார்த்தால் போதாதா சார்? முன்கூட்டியே எதற்குக் கணிக்க வேண்டும்?

பதில்: முடிந்த பிறகு பார்த்தால் எதையும் மாற்ற முடியாதே. ஒரு பிளாக்கை, அதாவது படத்தின் ஒரு சிறு கட்டத்தை, அப்படியே வைப்பதா, நான்காகப் பிரிப்பதா, முந்தைய ஃபிரேமிலிருந்து எடுப்பதா என்று என்கோடர் (சுருக்கும் நிரல்) ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுக்கிறது. ஒவ்வொரு வழிக்கும் பிழையோடு, லாம்டா என்ற எடை எண்ணால் பெருக்கிய பிட் செலவைக் கூட்டி, எது குறைவோ அதை எடுக்கும். எல்லா வழிகளையும் முழுசாக என்கோட் செய்து பிட்டை எண்ண நேரம் கிடையாது. அதனால்தான் கணிப்பு.

கேள்வி: ஒரு குறியீட்டுக்கு எத்தனை பிட் ஆகும் என்று எப்படிச் சொல்வது?

பதில்: தகவல் கோட்பாட்டை உருவாக்கிய ஷானன் 1948-இல் சொன்னதுதான் அடிப்படை: குறியீடு வரும் வாய்ப்பு குறையக் குறைய அதற்கான பிட் கூடும். நிகழ்தகவு பாதி என்றால் 1 பிட், எட்டில் ஒன்று என்றால் 3 பிட். 0.9 என்றால் வெறும் 0.15 பிட், அதே இடத்தில் எதிர்பாராத 0.1 வந்தால் 3.32 பிட். ஒவ்வொரு குறியீட்டுக்கும் முழு பிட்களாகவே தரும் ஹஃப்மன் முறையில் இந்தப் பின்னம் கிடைக்காது, எந்தக் குறியீட்டுக்கும் குறைந்தது 1 பிட் கொடுத்தாக வேண்டும். எச்.264 என்ற வீடியோ சுருக்கத் தரத்தில் குறியீடுகளை பிட்டாக மாற்றும் கேபாக், பல குறியீடுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கும் எண்கணித முறை என்பதால் பின்னமும் கணக்கில் வரும். அதில் நிகழ்தகவு நிலைகள் 64தான். ஒவ்வொன்றுக்கும் செலவை அட்டவணையாக எழுதி வைத்துக் கூட்டிக்கொண்டே போகலாம்.

கேள்வி: ஆனால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் கேபாக் நிலை மாறுமே, அட்டவணை தப்பாகிவிடாதா?

பதில்: கொஞ்சம் தப்பும். நிலையை மாற்றாமல் கூட்டினாலும் ஒப்பிடும் வழிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு தவறு வருவதால், தேர்வு பெரும்பாலும் சரியாகவே அமையும். கெழுக்கள் (பிளாக்கை அதிர்வெண்களாக மாற்றும்போது கிடைக்கும் எண்கள்) நிறைய உள்ள பிளாக்கில் மட்டும் நிலைகளை நகலெடுத்து, கூடவே மாற்றிக்கொண்டு வாருங்கள். இதைவிட ஆபத்தானது செலவையே விட்டுவிடுவது. என் முதல் என்கோடரில் முந்தைய ஃபிரேமில் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று காட்டும் மோஷன் வெக்டருக்கான பிட்டைக் கூட்ட மறந்துவிட்டேன். படம் முழுக்கச் சின்னச் சின்ன பிளாக்குகளாக உடைந்து, கோப்பு பெருத்துப் போனது. காரணம் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆயிற்று.

கேள்வி: அட்டவணையும் மெதுவாக இருக்கிறது. இன்னும் வேகமான வழி உண்டா?

பதில்: குவான்டைசேஷனுக்கு (கெழுக்களை ஒரு படி அளவால் வகுத்து முழு எண்ணாக்குவதற்கு) பிறகு பூஜ்ஜியமாகாத கெழுக்களை எண்ணுங்கள். பிட் அளவு அந்த எண்ணிக்கையோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் போகும். இத்தனை எளிய கணக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்துவது எனக்கு இன்னும் வியப்புதான்.

கேள்வி: எச்.264-இல் அந்தப் படி அளவைத் தீர்மானிக்கும் எண்ணான க்யூபி 6 கூடினால் பிட் பாதியாகுமா?

பதில்: இல்லை, படி அளவுதான் இரட்டிப்பாகும். தரம் உயர்ந்த நிலையில் அதனால் ஒரு கெழுவுக்குச் சுமார் 1 பிட் மிச்சமாகும். மொத்தத்தில் எத்தனை சதவீதம் குறையும் என்பது காட்சியைப் பொறுத்தது.