மலையில், வீட்டு ஷெட்டில் பழைய லேத் வைத்துப் பழைய புல்லட்டை நாமே சரிசெய்ய முடியுமா?

முடியும். குன்னூரில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

கேட்டவருக்கு வீடு கோத்தகிரிப் பக்கம். அப்பா ஓட்டிய 350 புல்லட் சும்மா நிற்கிறது. பழைய பெல்ட் லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டையும் வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, காசு வீணா என்று கேட்டிருக்கிறார். காசு வீண் இல்லை. ஆனால் லேத் வீட்டுக்கு வந்த முதல் ஆறு மாதம் பைக்கில் கை வைக்க முடியாது. லேத்தைச் சரிசெய்யவே அந்த நாள் போய்விடும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு விலை பேசப் போங்கள்.

என்னுடையது நாலரை அடி லேத். கோன் புல்லி, தோல் பெல்ட், வேகத்தைக் குறைக்கும் பேக் கியர். மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையிலிருந்து வாங்கினேன். இந்த மலையில் பழைய லேத் கிடைப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சி.டி.சி. தூள் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் டீத்தூள்) போடும் தொழிற்சாலைகளில் ரோலர் பல் மழுங்கிக்கொண்டே இருக்கும், அதைத் திரும்பத் திரும்ப வெட்டித் தீட்டியாக வேண்டும். அதனால் கடைசல் தெரிந்த கை இங்கே எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை 1903-இல் தொடங்கியது. அங்கே வேலை கற்ற டர்னர், ஃபிட்டர் இல்லாத தெரு சுற்றுவட்டாரத்தில் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ரயில் ஏறியது, ஊட்டிக்கு 1908-இல் போனது. பல்சக்கரம் வைத்த அந்த ஸ்விட்சர்லாந்து எஞ்சின்களை நூறு வருடம் ஓட்டினார்கள் என்றால், கடையில் கிடைக்காத பாகத்தைச் செய்துகொள்ளத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான். பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகை எஞ்சினைப் புதிதாகவே செய்து அனுப்பினார்கள். சின்ன வயதில் குன்னூர் ஸ்டேஷனில் அந்த எஞ்சின்களைப் பார்த்து நின்றதில்தான் எனக்கு இந்தப் பித்தே பிடித்தது.

லேத்தை ஷெட்டுக்குக் கொண்டுவருவதே ஒரு பெரிய வேலை. மலையில் பாதி வீடுகளுக்கு வண்டி வராது. எங்கள் வீட்டுக்கும் ரோட்டிலிருந்து நாற்பது படி இறங்க வேண்டும். ஹெட்ஸ்டாக் (கம்பியைச் சுழற்றும் தலைப் பக்கம்), டெயில்ஸ்டாக் (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் வால் பக்கம்), மோட்டார், சாடில் (டூலைச் சுமந்து நகரும் பாகம்) எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, பெட்டை (இவையெல்லாம் மேலே உட்காரும் நீள இரும்பு அடித்தளம்) மட்டும் பலகை மேல் வைத்து, செயின் பிளாக்கில் கட்டிப் படி படியாக விட்டு இறக்கினோம். ஆறு பேர், ஒரு பகல் முழுக்க. பெட்டுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்று தொடங்குவதற்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் துரு. சமவெளியில் லேத் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இந்த அளவுக்குத் தெரியாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மழையும் மூடுபனியும். இரவில் இரும்பு சில்லிட்டுப் போகும், காலையில் ஈரக்காற்று உள்ளே வந்ததும் பெட் முழுக்க வேர்த்துவிடும். முதல் வருடம் ஷெட்டைச் சூடாக வைக்கலாம் என்று மண்ணெண்ணெய் அடுப்பு கொளுத்தினேன். நான் செய்த பெரிய தப்பு அது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி அதே அறைக்குள்தான் சுற்றும். ஒரே வாரத்தில் பெட்டில் காவி நிறம் படர்ந்தது. சக்கின் (கம்பியைக் கவ்விச் சுழலும் பிடி) தாடைகள் இறுகிப்போயின. பழையபடி கொண்டுவர ஒரு மாதம் ஆயிற்று. இப்போது வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவி, கனமான போர்வையால் மூடி, உள்ளே 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுகிறேன். பல்பு துணியில் படாதபடி கம்பிக்கூடு போட்டிருக்கிறேன். இரும்பு சுற்றியிருக்கும் காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் போதும், வேர்க்காது. மழையில் நனைந்து வந்த பைக்கை அதே ஷெட்டில் நிறுத்தவே கூடாது.

லேத் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அருவங்காட்டில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். முதல் நாள் நான் டூலைக் கட்டி ஸ்விட்சைப் போடப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, மெஷின் நேரா நிக்குதான்னு தெரியாம எதைக் கடைஞ்சு என்ன பண்ணப் போற?" என்றார். பெட் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க அவர் காட்டிய வழியை இன்றும் மாற்றவில்லை. ஓர் இன்ச் கனமுள்ள கம்பியைச் சக்கில் பிடிக்க வேண்டும். டெயில்ஸ்டாக் தாங்கக் கூடாது. கம்பியில் ஆறு இன்ச் இடைவெளியில் இரண்டு வளையம் மட்டும் மேடாக விட்டு நடுவைக் கடைந்துவிட வேண்டும். கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) அசைக்காமல் இரண்டு வளையத்தின் மேலும் ஒரே மெல்லிய வெட்டு. அப்புறம் மைக்ரோமீட்டரால் அளந்தால், இரண்டும் ஒரே அளவு என்றால் பெட் நேராக இருக்கிறது. எனக்கு மூன்று தௌ வித்தியாசம் வந்தது (ஓர் இன்ச்சை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தௌ). டெயில்ஸ்டாக் பக்கத்துக் காலுக்கு அடியில் தகட்டு ஷிம்மை வைத்தும் எடுத்தும் நான்கு மாலை போனது. ஐந்தாம் மாலை அரை தௌவுக்குள் வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு டீ கேட்டார்.

அன்று அவர் போட்ட சட்டங்கள் இரண்டு உண்டு. சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கக் கூடாது. ஸ்வெட்டர், மஃப்ளர், சால்வை, கையுறை எதையும் போட்டுக்கொண்டு சுற்றும் லேத்துக்கு அருகே போகக் கூடாது. மலைக் குளிரில் இரண்டாவதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்தான். கம்பளி நூல் ஒன்று கம்பியில் சுற்றினால் கையை இழுத்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய பனியனை உள்ளே இரண்டாகப் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு நில்லுங்கள்.

இனி பைக். முதல் வேலையாக பிரேக்கைக் கவனியுங்கள். எல்லாரும் எஞ்சினைத்தான் முதலில் பிரிக்க ஆசைப்படுவார்கள். மலையில் வண்டி ஏறாவிட்டால் தள்ளிக்கொண்டு வரலாம், இறங்கும்போது நிற்காவிட்டால் உயிர் போய்விடும். குன்னூரிலிருந்து கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டி வழியில் 36. டிரம் பிரேக் அந்த இறக்கத்தில் சூடேறித் தளரும். அதற்கு முன்பே ஷூ (டிரம்முக்குள் விரிந்து உரசிப் பிடிக்கும் வளைந்த கட்டை) முழுதாகப் பிடிக்காமல் ஓரத்தில் மட்டும் உரசிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

என் புல்லட்டின் முன் டிரம் ஏழு இன்ச். கடையில் புது ஷூ வாங்கிப் போட்டேன், பிடிக்கவே இல்லை. டிரம்மின் உள்ளே சாக்பீஸ் தேய்த்து, சக்கரத்தைச் சுற்றி பிரேக்கை மெல்ல அழுத்திப் பார்த்தேன். ஷூவின் நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஒட்டியிருந்தது. மற்ற இடம் டிரம்மைத் தொடவே இல்லை. டிரம் பல வருடமாகத் தேய்ந்து விட்டம் கூடிவிட்டது, ஷூவோ புது டிரம்மின் அளவுக்கு வந்திருந்தது. பழைய வண்டிக்குப் புதுப் பாகம் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். தேய்ந்த வண்டிக்கு அதன் இன்றைய அளவில் பாகம் வேண்டும், வீட்டில் லேத் இருந்தால் அதைச் செய்துகொள்ளலாம்.

டிரம் கொஞ்சம் நீள்வட்டமாகவும் இருந்தது. ஸ்போக்ஸ் இழுப்பு ஒரே சீராக இல்லாவிட்டால் அப்படி ஆகும். அதைச் சக்கரத்தோடு சேர்த்துத்தான் கடைய வேண்டும். டயரைக் கழற்றினாலும் 19 இன்ச் ரிம் என் லேத்தில் சுற்றாது. மேட்டுப்பாளையத்தில் பெரிய லேத் உள்ள பட்டறைக்கு பஸ்ஸில் எடுத்துப் போய்க் கடைந்து வந்தேன். இப்படிச் சில வேலைகளுக்கு வெளியே போகத்தான் வேண்டியிருக்கும்.

ஷூவை வீட்டில் கடைந்தேன். முதலில் ஷூக்கள் உட்காரும் பிரேக் பிளேட்டின் நடு ஓட்டைக்குச் சரியாக ஒரு மாண்ட்ரல், அதாவது தோள் வைத்து மறை (திருகுப் புரி) வெட்டிய ஒரு கம்பி செய்துகொண்டேன். பிளேட்டை அதில் நட்டுப் போட்டு இறுக்கிச் சக்கில் பிடித்தேன். ஷூ இரண்டும் பிளேட்டிலேயே இருக்க வேண்டும். காமுக்கும் (ஷூவைத் தள்ளி விரிக்கும் பாகம்) ஷூவுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் தகட்டைச் செருகினால் ஷூ கொஞ்சம் விரிந்து, பிரேக் பிடிக்கும் நிலையில் நிற்கும். அந்த நிலையில், கடைந்து வந்த டிரம்மின் விட்டம் எவ்வளவோ அதே அளவுக்கு லைனிங்கை (ஷூ மேல் ஒட்டிய உரசும் பட்டை) கடைய வேண்டும். பேக் கியரில், மெதுவாக, நன்றாகத் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால், ஒரு தடவைக்கு ஐந்து தௌவுக்கு மேல் எடுக்காமல். வெட்டு விட்டுவிட்டு வரும், 'டப்... டப்...' என்று ஷூவின் முனை டூலில் மோதும் சத்தம் கேட்கும். முதலில் இரண்டு புடைப்பில் மட்டும் தூள் பறந்தது. போகப் போகப் புடைப்பு அகன்று, கடைசித் தடவை ஷூவின் தலையிலிருந்து கால் வரை ஒரே மங்கல் நிறம். ஓரங்களை அரத்தால் சரித்துவிட்டுத் தகட்டை உருவினேன். ஷூ உள்ளே ஒடுங்கியது. திரும்ப சாக்பீஸ் வைத்துப் பார்த்தபோது முழு நீளத்துக்கும் வெள்ளை. அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லாறு வரை இறங்கினேன். எப்போதும்போல இரண்டாம் கியரில்தான், பிரேக் நல்லதாகிவிட்டது என்று கியரை விட்டுவிடக் கூடாது. கடைசி வளைவிலும் லீவர் அதே இடத்தில் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. பழையதைக் கடையவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புது லைனிங் ஒட்டிக் கடையுங்கள். அதற்கும் நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தூளை ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

மறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழைய புல்லட்டில் பெரும்பாலும் இன்ச் மறைதான். பி.எஸ்.எஃப்., விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் மறை வகை இரண்டுக்கும் கோணம் 55 டிகிரி. சைக்கிள் மறைக்கு 60 டிகிரி, இன்ச்சுக்கு 26 புரி, சில இடத்தில் 20. டூலைத் தீட்டுமுன் எந்த மறை என்று மறை கேஜ் வைத்துப் பாருங்கள். ஒன்றை இன்னொன்றில் திருகினால் இரண்டு சுற்று நன்றாக ஏறும், அப்புறம் இறுகி நட்டு நாசமாகும். உங்களுக்கு வரும் லேத்தும் இன்ச் லேத் என்றால் புல்லட்டுக்கு அது நல்லதே. நாளைக்கு யெஸ்டி போல மில்லிமீட்டர் மறை உள்ள வண்டி வந்தால், அந்த மறையை இன்ச் லேத்தில் வெட்ட 127 பல் கியர் ஒன்று வேண்டும். ஓர் இன்ச் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127. லேத்தோடு வரும் மாற்றுக் கியர்கள் போட்ட பெட்டியில் அது கிடக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் விலை கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

கார்புரேட்டருக்கு லேத் வேண்டாம். நம் உயரத்தில் காற்று சமவெளியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, அதனால் பெட்ரோல் கூடுதலாகி பிளக் கறுக்கும். நீடிலின் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி) கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கி பெட்ரோல் குறையும். கோயம்புத்தூருக்கு நீண்ட பயணம் போகும்போது பழைய இடத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறும்.

லேத் பார்க்கப் போகும்போது டார்ச்சும் வெர்னியரும் எடுத்துப் போங்கள். சக்குக்கு அருகில் சாடிலைக் கொண்டுவந்து ஆட்டம் இல்லாதபடி ஜிப்பை (சாடிலின் ஆட்டத்தை எடுக்கும் தகடு) இறுக்கி, அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். பாதியில் இறுகி நின்றால் சக்குப் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் இறுகினால் பரவாயில்லை, நம் வேலை பெரும்பாலும் சக்குக்கு அருகில் நாலு இன்ச்சுக்குள்தான். நகரவே மறுத்தால் விட்டுவிடுங்கள். ஸ்பிண்டிலுக்கு (சக் மாட்டிச் சுழலும் தண்டு) அடியில் கட்டை கொடுத்து நெம்பிப் பாருங்கள், ஆட்டம் கையில் தெரியும். மோட்டார் த்ரீ ஃபேஸ் என்று சொன்னால் பயப்பட வேண்டாம். சின்ன மோட்டாருக்கு வீட்டு லைனிலிருந்தே த்ரீ ஃபேஸ் எடுத்துக் கொடுக்கும் டிரைவ் கிடைக்கிறது, வேகத்தையும் அதிலேயே கூட்டிக் குறைக்கலாம்.

லேத் வந்து நேராக நிற்கும்வரை அப்பாவின் வண்டியைச் சும்மா விட வேண்டாம். முன் டிரம் ஏழு இன்ச் என்றால் பிரேக் பிளேட்டைக் கழற்றி குன்னூருக்கு எடுத்து வாருங்கள். டிரம்மின் உள் விட்டத்தை மூன்று இடத்தில் அளந்து எழுதி வாருங்கள். மாண்ட்ரல் என்னிடம் இருக்கிறது, அரை நாள் வேலைதான்.