சிப்பியைப் பாறையில் போடும் பறவை

வணக்கம் அம்மா. டர்பன் கடற்கரையில் சிப்பியைத் தூக்கிப் பறந்து பாறைமேல் போட்ட கருமுதுகுப் பறவையும், அதன் அருகில் அதே உருவில் நின்ற பழுப்புப் பறவையும் வெவ்வேறு இனமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் கெல்ப் கடற்காகம் (kelp gull) என்ற கடற்பறவைதான். பழுப்பாக இருப்பது இளசு; முதுகு கறுத்து முழு நிறம் வர 3, 4 ஆண்டுகள் ஆகும். அடுத்த முறை வளர்ந்த பறவையின் மஞ்சள் அலகை உற்றுப் பாருங்கள். கீழ் அலகின் நுனியருகே குங்குமம் வைத்ததுபோல் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். பசித்த குஞ்சு அதைக் கொத்தும். உடனே தாயோ தந்தையோ இரையைக் கக்கி ஊட்டும். எத்தனை அழகான ஏற்பாடு! பாறையில் போட்ட சிப்பி உடையாவிட்டால் மறுபடி தூக்கிப் போடும், சலிக்கவே சலிக்காது. சாம்பல் தலையும் சிவப்பு அலகும் கொண்ட சிறிய பறவை வேறு இனம், சாம்பல்தலைக் கடற்காகம். டர்பனில் அதையும் நிறையப் பார்க்கலாம். எந்தப் பறவைக்கும் சிப்ஸ் மட்டும் போடாதீர்கள், தயவுசெய்து.