மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள், பொவ்ரில் மட்டும் வேண்டாம்

தம்பி, நாலைந்து கேள்வியை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். கவுன்சில் ரக்ஸ், ஜிபி பதிவு, லைசன்ஸ் மாற்றுவது இதற்கெல்லாம் பதில் சொல்ல எங்கள் ஆட்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். என்னை எழுத வைத்தது உங்கள் கடைசிக் கேள்விதான். லண்டனில் கொலியர்ஸ் வூட்டுக்கு வந்து மூன்று மாதம், எட்டு வயது மகனை அவனோடு படிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளையின் தகப்பன் சனிக்கிழமை விம்பிள்டன் கால்பந்து மட்ச் பார்க்கக் கூப்பிடுகிறார், அடிபிடி வரும் என்று மனைவி பயப்படுகிறா, விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

விடுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

நான் 1986 ஆகஸ்டில் அம்மாவோடு வந்து இறங்கினேன், ஒன்பது வயது. அப்பா 84இலேயே வந்துவிட்டார். ரூற்றிங்கில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை, சித்தப்பாவும் எங்களோடுதான். அப்பாவுக்கு இரவில் பெற்றோல் செட்டில் வேலை, பகலில் நித்திரை, அதனால் வீட்டுக்குள் நான் மூச்சுவிடவும் கூடாது, பின் ஒழுங்கையில் ஒரு கிழிந்த டெனிஸ் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பேன். அரியாலையில் வளர்ந்த பொடியன், பந்து காலில் ஒட்டும்தானே. பக்கத்து வீட்டுக் கிழவர், தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே இருப்பார். நவம்பரில் ஒரு நாள் வந்து அப்பாவைக் கேட்டார், பொடியனைப் பிளவ் லேனுக்கு, அதுதான் விம்பிள்டன் அணியின் மைதானம், கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று.

அப்பா முடியவே முடியாது என்றார். அவரையும் குற்றம் சொல்ல ஏலாது. முந்தின வருடம் மே மாதம் பிராட்ஃபோர்டில் கால்பந்து மைதானம் எரிந்து 56 பேர் செத்ததை அவர் டிவியில் பார்த்தவர், அதே மாதம் பிரசல்ஸில் இன்னொரு மட்சில் சுவர் இடிந்து 39 பேர். அதோடு எங்கள் வீசா விஷயமும் தொங்கிக்கொண்டிருந்தது, பொலிஸ் நிற்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப அவருக்கு மனமில்லை. அம்மாதான் விடச் சொன்னா, ஒரு சனிக்கிழமையாவது அறையில் ஓர் ஆள் குறையட்டும் என்று.

கரட் லேன் வழியே நடந்து, வாண்டில் ஆற்றுப் பாலம் தாண்டிப் போனோம். கிழவர் கையில் ஒரு பால் கிரேட். எதற்கு என்று உள்ளே போன பிறகுதான் விளங்கியது: நாங்கள் நின்ற பக்கத்தில் இருக்கை கிடையாது, படிப்படியாகக் கொங்கிறீற், அதில் நின்று பார்க்க வேண்டும், என் உயரத்துக்கு முன்னால் நிற்கிறவரின் கோட்டுதான் தெரியும். அந்தக் கிரேட்டில் ஏறி நின்றுதான் முதல் மட்ச் பார்த்தேன். 1977இல்தான் விம்பிள்டனை லீக்குக்குள்ளேயே எடுத்தார்கள், ஒன்பதே வருடத்தில் முதல் டிவிஷன், அப்போது அதுதான் உச்சப் படி, அந்த செப்டெம்பரில் சில நாள் பட்டியலில் முதலிடத்திலும் நின்றது. ஆட்டம் என்னவோ அழகில்லை. பந்து புல்லில் உருண்டதைவிட வானத்தில் நின்ற நேரம்தான் கூட. ஆனால் விம்பிள்டன் ஆட்டக்காரர் ஜோன் ஃபஷானு எழும்பித் தலையால் அடிக்கும்போது, ஒரு கறுத்த மனிதனின் பேரை அத்தனை வெள்ளைக்காரர் தொண்டை கிழியக் கத்துவதைக் கண்டேன். பள்ளிக்கூடத்தில் என் பேரை ஒருவரும் ஒழுங்காகச் சொன்னது கிடையாது, அதனாலோ என்னவோ அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எல்லா மைதானமும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள், கறுப்பு ஆட்டக்காரருக்கு வாழைப்பழம் எறிந்த காலம் அது. அன்றைக்கே திரும்பி வரும் வழியில் பஸ் தரிப்பிடத்தில் நின்ற நாலு பொடியன்கள் என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்கள், அது என்ன சொல் என்று உங்களுக்கும் கெதியில் தெரியவரும். கிழவர் ஒன்றும் பேசவில்லை. என்னை மற்றப் பக்கம் மாற்றிவிட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்.

அப்புறம் பொவ்ரில். இடைவேளையில் குளிரில் பல் கிட்டிப்போய் நின்றேன், ஒரு கப்பில் சுடச்சுட மண்ணிறமாக ஏதோ வாங்கித் தந்தார். மரக்கறிச் சூப் என்று நினைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்ன பிறகுதான் சித்தப்பா அது மாட்டிறைச்சிச் சாறு என்றார். அம்மா அந்தக் குளிரில் தலையில் வார்த்து, அடுத்த நாளே எஃப்ரா ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனா. ஆகவே நீங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை என்றால் பொவ்ரிலும் வேண்டாம், பை என்று விற்கிற இறைச்சிப் பணியாரமும் வேண்டாம், வீட்டில் இருந்து றொட்டி சுற்றிக்கொண்டு போங்கள். இரண்டு சோடி காலுறை. டிசம்பரில் மூன்று மணிக்குத் தொடங்கும் மட்ச் முடிய முன்னமே இருட்டிவிடும். எதிரணியின் நிறத்தில் ஜக்கெற் போட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டாம். அவ்வளவுதான் ஆபத்து.

எங்கள் ஆட்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். இருபது வருடமாக மன்செஸ்டர் யுனைட்டெட் ஜேர்சி போட்டுக்கொண்டு சோபாவில் இருந்து கத்துகிறவர்கள், மன்செஸ்டர் எந்தப் பக்கம் என்று தெரியாது, பக்கத்து வீட்டுக்காரனின் பேரும் தெரியாது. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, கணக்கு ரியூஷன், வீணை, மூச்சுவிட நேரமில்லை. புதுக் காசுக்காரர் பெரிய கிளப் மட்சுக்கு வாசலில் நிற்கிறவனிடம் ரிக்கெற் வாங்கி ஏமாறுகிறார்கள். அப்படி விற்பது இங்கே 1994இல் இருந்து குற்றம், உள்ளே விடாவிட்டால் உங்கள் காசு போனதுதான். ரிக்கெற்றை கிளப்பிடமே வாங்குங்கள்.

1988 மே 14, வெம்பிளியில் விம்பிள்டன் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்ஏ கிண்ணம் எடுத்ததே, அன்றைக்கு அப்பா நித்திரையை விட்டு எழும்பி வந்து டிவிக்கு முன்னால் இருந்தார். லிவர்பூலின் பெனால்டியை எங்கள் கோல் காப்பாளர் பீசன்ட் தடுத்தபோது முதலில் கத்தியது அவர்தான்.

மூன்று வருடத்தில் பிளவ் லேனை விட்டுப் போய்விட்டார்கள். முதலில் செல்ஹர்ஸ்டில் இரவல் மைதானம், பிறகு 2002இல் கிளப்பையே மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. கிழவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். 95இல் யாழ்ப்பாணம் ஒரே இரவில் காலியான செய்தி வந்தபோது அப்பாவும் இப்படித்தான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டையும் ஒப்பிடக் கூடாது, தெரியும், ஆனால் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

சனம் விடவில்லை. தாங்களே புதுக் கிளப் தொடங்கி, விம்பிள்டன் கொமன் புல்வெளியில் 230 பேரை விளையாட விட்டுப் பார்த்து ஆட்டக்காரரைத் தேர்ந்தார்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாம் படியில் தொடங்கி ஒன்பது வருடத்தில் லீக்குக்குத் திரும்பி வந்தார்கள். 2020 நவம்பரில் பிளவ் லேனில் புது மைதானம், கொரோனாவால் முதல் மட்சுக்கு ஆளே இல்லை. கிழவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

சனத்தை உள்ளே விட்ட பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு அதே கரட் லேன் வழியே நடந்து போனேன். புது மைதானம் பாலத்துக்கு இந்தப் பக்கமே வந்துவிடும், பழையது இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பேச்சு வாக்கில் மைதானத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறிவிட்டேன். "அப்பா, எங்கே போறீங்கள்?" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தா.