கழற்றிய கதவைத் திரும்ப மாட்டியவர்கள்

அன்புள்ள ஐயா,
ஆலைத் தொழிலாளிதான் புரட்சி செய்வான் என்று படித்திருக்கிறேன். சீனாவில் ஆலைகளே சொற்பம். எழுத்தறியாத விவசாயிகளிடம் கம்யூனிசம் எப்படி வேர்பிடித்தது? வறுமை ஒன்றே போதுமா?
ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

போதாது. பசி அந்தக் கிராமங்களுக்குப் பழகிய ஒன்று. பஞ்சத்தில் பிள்ளையை விற்றவர்களும் தலைவிதி என்றுதான் இருந்தார்கள்.

1927 ஏப்ரலில் தேசியவாதக் கட்சித் தலைவர் சியாங் கை ஷேக் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளைக் கொன்று குவித்த பிறகு, நகரங்களில் காலூன்ற இடமில்லாமல் கட்சி மலைக்கிராமங்களுக்குப் போனது. சிப்பாய் என்றாலே கொள்ளைக்காரன் என்று ஓடி ஒளிந்த மக்கள் அங்கே இருந்தவர்கள். படுப்பதற்காகக் கழற்றிய கதவுப் பலகையைத் திரும்ப மாட்ட வேண்டும், விரித்த வைக்கோலைக் கட்டி வைக்க வேண்டும் என்று கட்சியின் படையான செம்படைக்கு விதி இருந்தது. முதல் நம்பிக்கை அந்தக் கதவில்தான் பிறந்தது என்பேன்.

ஜப்பானியப் படையெடுப்பின்போது நிலக்கிழார்களின் நிலத்தைப் பறிப்பதை நிறுத்திவைத்துவிட்டு, குத்தகையையும் வட்டியையும் மட்டும் குறைத்தார்கள். 1937இல் சுமார் 40,000 பேர் இருந்த கட்சி 1945இல் 12 லட்சமானது.

ஆனால் உண்மையான திருப்பம் 1946க்குப் பிறகு நடந்த 'கசப்பைச் சொல்லும்' கூட்டங்கள். கட்சி ஊழியர் ஏழையின் வீட்டிலேயே தங்கி, நாள்கணக்கில் ஒரே கேள்வியைக் கேட்பார்: யார் உழைப்பில் யார் சாப்பிடுகிறார்கள்? பிறகு ஊர் கூடும். நிலக்கிழார் முன்னால் நிமிர்ந்தே பார்த்திராத ஒருவர் எழுந்து, எந்த வருஷம் எத்தனை மூட்டை அளந்தோம், எந்தக் கடனுக்கு மகள் போனாள் என்று வாய்விட்டுச் சொல்வார். தலைவிதியாக இருந்தது அந்த நிமிஷம் கணக்காக மாறியது. சொன்னவருக்கு இனி பின்வாங்க வழியில்லை. பழைய ஆட்சி திரும்பினால் உயிர் போகும். அதனால்தான் மகனைப் படைக்கு அனுப்பினார். சியாங்கின் படைக்கு எதிராக 1948 கடைசியில் தொடங்கிய ஹுவாய்ஹாய் போருக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தள்ளுவண்டியிலும் காவடியிலும் தானியமும் குண்டும் சுமந்தார்கள்.

அதே கூட்டங்களில் அடித்தே கொல்லப்பட்டவர்களும் ஏராளம். அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பங்கிட்டுக் கொடுத்த நிலத்தை 1950களின் நடுவிலேயே கூட்டுப்பண்ணைக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெரும்பஞ்சம் தொடங்கிய 1959இல், வீட்டில் தானியம் இல்லை என்று சொன்ன விவசாயிகள், ஒளித்துவைத்தவர்கள் என்று அதே மாதிரிக் கூட்டங்களில் நிறுத்தி அடிக்கப்பட்டார்கள்.