எட்டு வீட்டு ராஸ்பெர்ரி பையில் ஒரு வலைத்தளம்: மழைக்காலத்தில் தாங்குமா?

கேள்வி: தென்சென்னையில் ஏரிகளின் நீர்மட்டத்தையும் தெருக்களில் தண்ணீர் தேங்குவதையும் பதிவு செய்யும் தன்னார்வலர் குழு நாங்கள். சொந்தமாக வலைத்தளம் இருக்கிறது. பல வருடப் படங்கள் சேர்ந்து 40 ஜிபியைத் தாண்டிவிட்டன, வாடகை சர்வர் செலவும் ஏறிக்கொண்டே போகிறது. குழுவில் எட்டுப் பேர் ஆளுக்கொரு ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியை வீட்டில் வைத்துக்கொள்ளத் தயார். எல்லோர் வீட்டிலும் ஃபைபர் இணைப்பு உண்டு. தளத்தை முழுவதும் வீடுகளுக்கு மாற்றிவிடலாமா?
– குரோம்பேட்டை வாசகர்

பதில்: மாற்றலாம், ஆனால் முழுவதும் வேண்டாம். உங்கள் தளத்துக்கு ஆட்கள் அதிகம் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் மழை கொட்டும் இரவுகளில். உங்கள் எட்டு வீட்டிலும் கரண்ட் போகக்கூடிய இரவுகளும் அவைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டும் ஒரே இரவில் விழுமென்றால் எட்டு வைத்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால் தளத்தை இரண்டாகப் பிரியுங்கள். இன்றைய நீர்மட்டம், தண்ணீர் நிற்கும் தெருக்கள், எச்சரிக்கைக் குறிப்புகள் எல்லாம் வெறும் எழுத்து. சில எம்பிக்குள் அடங்கிவிடும். இவை மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சிறிய வாடகை சர்வரில், சென்னைக்கு வெளியே இருக்கட்டும். மும்பையிலோ பெங்களூரிலோ கிடைக்கும். கனமான படங்கள் மட்டும் வீடுகளுக்குப் போகட்டும். பழைய படம் நான்கு மணி நேரம் திறக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று தெரியாமல் ஒருவர் வண்டியை விட்டால் ஆபத்து.

அந்தச் சிறிய சர்வரை 'வாசல்' என்று வைத்துக்கொள்வோம். அது தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி கிடையாது. ஒரே பொது முகவரியை ஏராளமான வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருவார்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா பாருங்கள். தொடங்கினால், வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக் கணினியை நேராகத் தொட முடியாது. ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து நுழையும் வழி) திறந்தாலும் பலன் இல்லை. புதிய வகையான ஐபிவி6 முகவரி கிடைத்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் பழைய வகையான ஐபிவி4 மட்டும் வைத்திருக்கும் வாசகர்களுக்குத் தளம் திறக்காது.

இதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் போதும். ஒவ்வொரு வீட்டுப் பையும் தானே வாசலைத் தொடர்புகொண்டு ஒரு மறையாக்கச் சுரங்கத்தைத் திறந்து வைத்திருக்கும். இணைப்பு உறங்கிப்போகாமல் இருக்க 25 நொடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பும்படி வையுங்கள். வாசகர் படம் கேட்டால் வாசல் அதை ஏதோ ஒரு வீட்டிலிருந்து வாங்கிக் கொடுக்கும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்ததற்கு முக்கியமான காரணம், தன்னார்வலர்களின் வீட்டு இணைப்பின் ஐபி முகவரி ஊருக்கே தெரிய வேண்டியதில்லை என்பது. தளம் உங்களுடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ரகசியச் சாவியும் வாசலைத் தாண்டி எட்டு வீடுகளுக்குப் போகாது. நல்ல மனதோடு இடம் கொடுத்தவர்கள் தலையில் பாதுகாப்புச் சுமையை ஏற்றக் கூடாது.

கோப்புகளைப் பல கணினிகளில் பரப்பி வைத்துப் பகிரும் ஐபிஎஃப்எஸ் முறையைப் பயன்படுத்தலாமே என்று குழுவில் ஒருவராவது கேட்பார். நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் எட்டு வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. சாதாரண பிரவுசரில் பார்ப்பவருக்கு எப்படியும் ஒரு இடைவாசல் வேண்டும், படத்தைத் தேடிப் பிடிக்கவும் நேரமாகும். கோப்புகளைப் பிரதியெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவியை வைத்து 40 ஜிபியையும் ஒவ்வொரு வீட்டிலும் முழுப் பிரதியாக வைத்துவிடுங்கள். ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு படத்துக்குப் பெயர் வைத்தால் வைத்ததுதான். திருத்தினால் புதுப் பெயர். அப்போதுதான் இரண்டு நாள் அணைந்து கிடந்த வீடு மறுபடி எழுந்தாலும் தப்பான படத்தைக் காட்டாது. அதிகபட்சம் 'என்னிடம் இல்லை' என்று சொல்லும். அப்படிச் சொன்னால் அடுத்த வீட்டைக் கேட்கும்படி வாசலில் ஓடும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை அமைக்கலாம்.

வேகக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு பக்கத்தில் 300 கேபி படங்கள் 20 இருந்தால் 6 எம்பி, அதாவது 48 மெகாபிட். 40 எம்பிபிஎஸ் அப்லோட் உள்ள வீடு அதை அனுப்ப ஒரு நொடிக்கு மேல் ஆகும். மழை இரவில் 50 பேர் சேர்ந்து கேட்டால் கடைசி ஆளுக்கு ஒரு நிமிடம். எட்டு வீடும் பங்கிட்டால் எட்டு நொடிக்குள் முடியும். படங்களை வெப்பி (WebP) வடிவத்தில் 100 கேபிக்குச் சுருக்கினால் அந்த நேரமும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கணினியைப் புதிதாக வாங்குவதைவிட இது பெரிய லாபம். பழைய பை 3 இருந்தாலும் போதும், எல்லையாக நிற்பது வீட்டு அப்லோட் வேகம்தான்.

வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டும். பராமரிப்புப் பணிக்காக ஒரு துணைமின்நிலையப் பகுதியில் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை என்று அறிவிப்பு வரும். எட்டு வீடும் ஒரே துணைமின்நிலையத்தில் இருக்கக் கூடாது. இரண்டு பேராவது சென்னைக்கு வெளியே, கோவையிலோ திருச்சியிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீடு நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. மாடிப்படியிலோ மொட்டைமாடியிலோ ஒரு பெட்டிக்குள் நெட்வொர்க் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து லேன் கேபிளாக இணைப்பு வரும் அடுக்ககங்கள் உண்டு. அந்தப் பெட்டிக்குக் கட்டடத்தின் பொது மின்சாரம். கரண்ட் போனதும் வீட்டுக்குள் இன்வெர்ட்டரில் பையும் ரூட்டரும் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும், இணையம் மட்டும் இருக்காது. வீடு வரைக்கும் ஃபைபரே வந்து சிறிய ஓஎன்யூ பெட்டியில் (ஃபைபர் மோடம்) முடிந்தால், இடையில் பெரும்பாலும் மின்சாரம் தேவைப்படும் கருவி இருக்காது. சுவருக்குள் நுழைவது எந்தக் கேபிள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நேரில் பாருங்கள்.

மின்செலவு பெரிதில்லை. பையும் ஒரு சிறிய எஸ்எஸ்டியும் சேர்ந்து சுமார் 5 வாட் என்றால் மாதம் 3.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 7 யூனிட் சொச்சம். 500 யூனிட்டை ஒட்டியே நிற்கும் வீடாக இருந்தால் மட்டும் யோசியுங்கள், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். அந்த எஸ்எஸ்டியில் கஞ்சத்தனம் வேண்டாம். எஸ்டி கார்டில் ஓயாமல் கணினியின் பதிவுகள் (லாக்) எழுதப்பட்டு, நடுவில் கரண்டும் போய்ப் போய் வந்தால் கார்டு கெட்டுவிடும். பதிவுகளை ரேமில் வைத்து, படங்களை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ரிச்சி தெருவில் வாங்கும்போது கைப்பேசி சார்ஜரை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும்.

பையைப் பரணில் வைக்காதீர்கள். மேல்மாடி வீட்டில் மே மாதம் மொட்டைமாடிச் சூடு நேராக இறங்கும். 80 டிகிரியை எட்டினால் பை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் வழக்கம், அதனால் பிளக்கின் மேலே ஒரு சீட்டு ஒட்டி வீட்டுப் பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். வீட்டு இணைப்பில் சர்வர் நடத்தக் கூடாது என்று சில நிறுவனங்களின் விதிகளில் இருக்கும். எட்டுப் பேரும் தங்கள் திட்டத்தின் விதிகளைப் படித்துவிடட்டும்.

ஆகஸ்டுக்குள் இரண்டு வீடுகளில் தொடங்கி, செப்டம்பர் கடைசிக்குள் எட்டையும் இணைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீடாக பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, கைப்பேசி டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள். ஒரு வீடு போனால் எந்த வித்தியாசமும் தெரியக் கூடாது. எட்டும் போனால் படங்களின் இடம் காலியாக இருக்கலாம், நீர்மட்டம் தெரிந்தே ஆக வேண்டும். ஒரு வீடு போனதுமே படங்கள் வர ஒரு நிமிடம் இழுத்தால், அணைந்த வீட்டுக்காக என்ஜின்எக்ஸ் காத்திருக்கும் நேரம் இயல்பு அளவான 60 நொடியிலேயே கிடக்கிறது என்று அர்த்தம். அதை 2 நொடியாகக் குறைத்துவிட்டு மறுபடி பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.