எத்தனை கட்டுரை எழுதினால் பட்டம் தருவார்கள்?

தம்பி,

மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல் முடித்துவிட்டு, ஓகஸ்டில் கலாநிதிப் பட்டத்துக்காக அமெரிக்கா போகிறீர். அங்கிருந்து வந்த கையேட்டில் பாடங்கள், தகுதிச் சோதனை, குழு, ஆய்வேடு எல்லாம் இருக்கிறது, ஆனால் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினால் பட்டம் தருவார்கள் என்று மட்டும் இல்லையே என்று கேட்டிருந்தீர். எத்தனை வருடம் ஆகும் என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். நானும் வெள்ளவத்தையிலிருந்து இதே துறைக்குப் போனவள்தான். படித்து முடித்து, வேலை, குடும்பம் எல்லாம் அங்கேயே ஆகிவிட்டது. இப்போது லீவில் அம்மா வீட்டில் நிற்கிறேன். ஆறுதலாக எழுதுகிறேன்.

அப்படி ஓர் எண் பெரும்பாலான இடங்களில் கிடையாது. "இது போதும்" என்று சொல்வது உம்முடைய குழுதான். நான்கைந்து பேராசிரியர்கள், அவர்களில் ஒருவராவது வேறு துறைக்காரர். எழுதியவர்களில் உம்முடைய பெயர் முதலாவதாக நிற்க ஒரு கட்டுரை வெளிவந்து, இன்னொன்று அனுப்பத் தயாராக இருந்தால் சிலர் சரி என்பார்கள். சிலர் மூன்று கேட்பார்கள். ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த ஆய்வுகூடங்களிலேயே இது வேறுபடும். ஆகவே மேற்பார்வையாளரைத் தெரிவு செய்வதற்கு முன், அவரிடம் ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் எத்தனை வருடம் எடுத்தார்கள் என்று அந்த மாணவர்களிடமே கேளும். முதல் வருடத்தில் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் சில வாரங்கள் மாறி மாறி வேலை செய்யும் முறை உம்முடைய இடத்தில் இருந்தால், அதுதான் கேட்பதற்கு நல்ல நேரம்.

பாடங்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சராசரி பி தரத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. உயர்தரத்துக்குப் படித்த பிள்ளைக்கு அது பெரிய பாரம் இல்லை.

தகுதிச் சோதனை அப்படி இல்லை. அநேகமாக இரண்டாம் வருட முடிவில் அல்லது மூன்றாம் வருடத் தொடக்கத்தில் வரும். பல இடங்களில், மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு (NIH) நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தின் வடிவத்தில் உம்முடைய ஆய்வுத் திட்டத்தை எழுதச் சொல்வார்கள். நோக்கங்கள் ஒரு பக்கம், திட்டம் ஆறு பக்கம். பிறகு அதை வைத்து வாய்மொழியாகக் கேட்பார்கள். நாங்கள் கடந்தகால வினாத்தாள் செய்து வளர்ந்த பிள்ளைகள். அந்தச் சோதனையில் வினாத்தாளும் இல்லை, புள்ளித்திட்டமும் இல்லை. உமக்கு எது வரைக்கும் தெரியும் என்று எல்லையைக் காணும்வரை கேட்டுக்கொண்டே போவார்கள். நான் என் ஆய்வுக்காக ஜெல்லுக்குள் வளர்த்த கலங்களுக்கு ஒட்சிசன் எப்படிப் போகிறது என்ற கேள்வியில் நின்றுவிட்டேன். தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முதல் முறை சித்தியடையவில்லை. ஆறு மாதம் கழித்து இரண்டாம் முறை, "விடை தெரியாது, ஆனால் பரவல் சமன்பாட்டிலிருந்து தொடங்குகிறேன்" என்று சொல்லிப் பலகையில் எழுதத் தொடங்கினேன். அவர்கள் எதிர்பார்த்தது அதைத்தான். சபையில் ஆசிரியரோடு வாதாடக் கூடாது என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். அந்த அறையில் வாதாடத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு உம்மைக் கலாநிதிப் பட்ட வேட்பாளர் என்பார்கள். காலம் இழுபடுவது இந்தக் கட்டத்தில்தான். கலங்களை வளர்க்கவே வாரங்கள் போகும், கிருமி பிடித்தால் திரும்ப முதலிலிருந்து. விலங்குகளில் செய்வதென்றால் அதற்கென்று உள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது, அது கிடைக்கவே மாதக் கணக்கு. அதனால் இரண்டாம் வருடத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்கும். குழுவை வருடம் ஒரு முறையாவது கட்டாயம் கூட்டும். கூட்டம் முடிந்த அன்றிரவே, "பட்டத்துக்கு இன்னும் இவை இவை தேவை என்று நீங்கள் சொன்னதாக விளங்கிக்கொண்டேன்" என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். ஒரு பேராசிரியர் வேறு பல்கலைக்கழகம் போய்விட்டாலும் அந்த மின்னஞ்சல் இருக்கும்.

பணத்தையும் கேட்டு வையும். மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியிலிருந்துதான் அநேகமாக உம்முடைய சம்பளம் வரும். அந்த நிதிக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று கேட்பது தவறே இல்லை. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (NSF) பட்டதாரிப் புலமைப்பரிசில் போன்றவை அந்த நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்குத்தான், எங்களுக்கு அந்த வாசல் இல்லை. மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் சம்பளத்துக்கு வேலை செய்யவும் முடியாது. பட்டத்துக்குப் பின் 12 மாதம் வேலை அனுமதி, எங்கள் துறைக்கு மேலும் 24 மாதம் நீடிக்கலாம். அதற்கான விண்ணப்பத்தைப் படிப்பு முடிவதற்கு 90 நாட்களுக்கு முன்பிருந்து போடலாம், ஆகவே குழுவுக்கு முன் ஆய்வேட்டை விளக்கி வாதாடும் நாளை அதோடு சேர்த்து யோசியும்.

அம்மாவிடம் நான்கு வருடம் என்று சொல்ல வேண்டாம். ஐந்து, சிலவேளை ஆறு என்று இப்போதே சொல்லிவிடும். என் அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் "இந்த வருடம் முடியுமா?" என்று கேட்டதும், நான் முடியும் முடியும் என்று சொன்னதும் இன்னும் மனதில் கிடக்கிறது. சொல்லக் கஷ்டமாக இருந்தால் ஞாயிறு வரை நான் இங்கேதான் நிற்கிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும்.